நல்ல சூழல் பற்றி நாற்பத்தோரு கூட்டங்கள்

மனிதகுலம் இதுவரை கட்டிய அலுவலகங்களிலேயே குழந்தைகளை மிக அதிகமாக நேசித்தது எங்கள் அலுவலகம்தான். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நாற்பத்தோரு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் ஆதாரமாக இருக்கின்றன. அத்தனையும் நான் எழுதியவை. எழுதுவதுதான் அங்கே என் வேலை.

‘தொடக்க கால ஊட்டம் மற்றும் சூழல் மேம்பாட்டுக் குழு’ என்பது எங்கள் பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் ‘குழு’ மட்டும் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கருவில் உருவானதிலிருந்து இரண்டு வயது முடியும்வரை ஒரு குழந்தை என்ன சாப்பிடுகிறது, எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பின்னாளில் அதன் உயரம், நுரையீரல், இதயம் எல்லாம் பெருமளவு அமைகின்றன. இதை முதல் கூட்டத்திலேயே ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்டதும் பிஸ்கட் வந்தது.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, பிரசவம் முடிந்து மூன்றாவது மாதமே கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பினார். கணவர் வெளியூர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் இயக்குநருக்குத் தாராள மனசு.

“குழந்தைய இங்கயே வெச்சுக்கோம்மா. நாம குழந்தைகளுக்காகத்தான இருக்கோம்” என்றார்.

ஆவண அறை ஒதுக்கப்பட்டது. என் மேசைக்கு அடுத்த அறை. ஜன்னல் கிடையாது. சுவரில் ஈரம் ஊறி, பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருக்கும். அந்தச் சுவருக்கு வெளியே, நேர் கீழே ஜெனரேட்டர். அது ஓடும்போதெல்லாம் புகை, காற்றுத் துளை வழியாக நேராக உள்ளே வரும். மற்றபடி முப்பது வருடத்துக் குழந்தை நலக் கோப்புகள், முப்பது வருடத்துத் தூசியோடு. நடுவில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து அந்தப் பெண் குழந்தையைப் படுக்க வைத்திருப்பார் அக்கா. உலகத்தில் வேறெந்தக் குழந்தையைச் சுற்றியும் இவ்வளவு குழந்தை நலம் அடுக்கப்பட்டதில்லை.

குழந்தை மெலிந்திருந்ததால் அலுவலக ஓட்டுநர் ‘அரைக்கிலோ’ என்று செல்லப்பெயர் வைத்தார். எல்லோரும் அப்படியே கூப்பிட்டோம்.

ஏழாவது கூட்டத்தில் ‘நல்ல சூழல்’ என்றால் என்ன என்று வரையறுக்க வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். திரையில் நுரையீரல் படம் ஒன்று ஒளிர்ந்தது.

“ஈரச் சுவர், புகை, தூசி. இந்த மூணும் கைக்குழந்தைக்கு விஷம்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“அது என்ன சத்தம்?”

“பாப்பா சார். ஆவண அறையில இருக்கு” என்றேன்.

“ரொம்ப இருமுதே.”

“ஆமா சார்.”

“கதவைச் சாத்தச் சொல்லுங்க. நான் பேசறது பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்கல.”

சாத்தினார்கள். ‘இடையூறு நீக்கப்பட்டது’ என்று எழுதினேன். என் குறிப்புகளில் அநாவசியமாக ஒரு சொல் இருக்காது.

எங்களிடம் இன்னோர் அறையும் இருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், வெள்ளையடித்த சுவர், காலையில் நல்ல வெயில். ‘மாதிரி எடை அறை’. முக்கியஸ்தர்கள் வந்தால் காட்டுவதற்காக ஏற்படுத்தியது. அங்கே ஒரு நர்ஸ் இருந்தார், ஓர் எடைக் கருவி இருந்தது. குழந்தைகள் யாரும் வராததால் கருவி சும்மா கிடந்தது என்று சொல்ல முடியாது. விமானம் ஏறும் நாட்களில் நிபுணர் தன் பெட்டியை அதில்தான் நிறுத்துப் பார்ப்பார்.

குழந்தைக்குப் பதினான்கு மாதமானபோது, ஒருநாள் நர்ஸம்மா அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கருவியில் வைத்தார். ஆறு கிலோ முன்னூறு.

“என்னம்மா குடுக்கற இவளுக்கு?”

“பால்தான் நர்ஸம்மா. அப்புறம் பிஸ்கட்டக் கரைச்சு ஊட்டுவேன். மீட்டிங்ல மிஞ்சும்ல.”

“பால்ல தண்ணி எவ்வளவு சேர்ப்ப?”

அக்கா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

நர்ஸம்மா திட்டவில்லை. மறுநாள் தன் சாப்பாட்டு டப்பாவில் ஒரு வேகவைத்த முட்டையும், கனிந்த வாழைப்பழமும், எண்ணெய் விட்டு மசித்த கீரையும் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியை அப்படியே தூக்கி வந்து எடை அறையின் ஜன்னலோரம் வைத்தார். எந்தத் துணைக்குழுவையும் கேட்கவில்லை. ஒரு தாளில்கூட யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று மாதத்தில் எட்டு கிலோ. இருமல் பெரும்பாலும் நின்றுவிட்டது. எடைக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள், பிறகு விட்டுவிட்டு நடந்தாள். வாராவாரம் ஓட்டுநர் வந்து “இன்னிக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுப் போவார். பிள்ளை சிரிக்கும் சத்தம் எங்கள் அலுவலகத்தில் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். இது கவனத்துக்கு வராமல் போகுமா? பத்தொன்பதாவது கூட்டத்துக்கு நர்ஸம்மா அழைக்கப்பட்டார்.

“அது மாதிரி அறை நர்ஸம்மா. பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் இயக்குநர்.

“குழந்தை இருக்குன்னு நினைப்பாங்க சார்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “முட்டையெல்லாம் குடுக்கறீங்களாம். உணவுப் பட்டியலே இன்னும் துணைக்குழுவுல இருக்கு. கரண்டியா கிண்ணமான்னு அவங்க முடிவு பண்ணல. அதுக்குள்ள நீங்களா ஊட்டினா எப்படி?”

“பசிச்சுது சார்.”

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். என்னிடம் பதில் தயாராக இருந்தது.

“அத எழுத்துல குடுங்கம்மா” என்றேன்.

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே நான் கொடுத்தேன். ‘எடை அறையை எடை தவிர்த்த நோக்கங்களுக்குப் பயன்படுத்தியமை குறித்து’ என்று தொடங்கும் அந்தக் கடிதம், பணியில் நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்தது. இயக்குநர் இரண்டுமுறை படித்துவிட்டு ஒரு கமாகூட மாற்றாமல் கையெழுத்திட்டார். நர்ஸம்மாவை இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு கிளைக்கு மாற்றினோம். அட்டைப்பெட்டி ஆவண அறைக்குத் திரும்பியது.

கிளம்பும் நாளன்று நர்ஸம்மா என் மேசைக்கு வந்தார்.

“சார், மழை முடியற வரைக்குமாவது பாப்பாவ அந்த ரூம்ல போடாம பாருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“பார்க்கிறேன்” என்றேன்.

சொன்ன சொல் தவறுகிறவன் நான் அல்ல. தினமும் அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன்.

அந்த மழையில் குழந்தையை இரண்டுமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் முறை ஒன்பது நாள். அக்காவின் விடுப்பு விண்ணப்பத்தை அன்றைக்கே அனுமதித்து அனுப்பினோம். இப்படிப்பட்ட வேகத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

திரும்பி வந்த அக்கா குழந்தையைக் கொண்டுவரவில்லை. ஓட்டுநர்தான் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பேசியிருக்கிறார். “எங்க வீட்டுல விடுக்கா. மாடி வீடு, காத்து வரும். எம்பொண்டாட்டி பாத்துப்பா.” நர்ஸம்மா போகும்முன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த உணவு விவரத்தை அக்கா பத்திரமாக வைத்திருந்தார். ஓட்டுநரின் மனைவி அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி, அதில் இருந்தபடியே கொடுத்து வளர்த்தார். எங்கள் உணவுப் பட்டியல் துணைக்குழுவிலிருந்து வெளியே வந்தபோது குழந்தைக்கு மூன்றரை வயது.

அறிக்கையும் அந்த வருடம்தான் வெளியானது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள். ஜன்னலின் அவசியம் பற்றி மட்டும் ஓர் அத்தியாயம். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். விருது ஒன்று கிடைத்தது. அதை வாங்க நாங்கள் பதினோரு பேர் போனோம்.

போன வாரம் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டதால் அரைக்கிலோ தன் அம்மாவைத் தேடி வந்தாள். இப்போது ஆறு வயது. வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம். முதல் வரிசை எப்போதும் தனக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னாள். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்து வாயில் வைத்து, பழகின கையால் ஒருமுறை அழுத்தி இழுத்தாள். மூச்சு அடங்கும்வரை என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சுவர் முழுக்க மாட்டியிருந்த கொழுகொழு குழந்தைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“மாமா, நீங்க இங்க என்ன வேலை செய்யறீங்க?”

“குழந்தைங்கல்லாம் நல்லா சாப்பிட்டு, நல்ல காத்துல, நோயில்லாம வளரணும்ல. அந்த வேலைடா கண்ணு.”

மறுபடி ஒருமுறை சுவரைப் பார்த்தாள்.

“எப்ப ஆரம்பிப்பீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருடத்தில் எங்களை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தேன்.