ஒரு மணி இருபது நிமிடம்

ஒரகடத்துப் பக்கம் ஒரு புது ஜீவராசி பெருகிவருகிறது. ஆகாயக் கணக்கர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் இல்லையா என்கிறீர்களா? உண்டு. இங்கே அதன் கையில் லீவுச் சீட்டும் இருக்கிறது.

இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் லைன் சூப்பர்வைசர் சிவசங்கரைப் பாருங்கள். எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் போனைத் தடவி, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு இழுத்து, கிலோமீட்டரையும் நிமிடத்தையும் ஒப்பித்த பிறகுதான் டீயைத் தொடுவார்.

"தூத்துக்குடிலேர்ந்து ஒடிசா ஜார்சுகுடா, இன்னா நெனைக்கிற? ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரம்பா, அவ்ளோதான்!"

அந்தத் தடத்தில் நேர் விமானம் உண்டா? அதைப் பற்றி அவருக்கென்ன? போன் நேரம் சொல்கிறதே! ராகுகாலம் பார்க்கிறவனைக் கண்டால் சிரிக்கிற மனிதருக்கு அந்தப் போன்தான் பஞ்சாங்கம். காதோடு காதாக ஒன்று: அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை, லைனில் வேலை செய்யும் பாண்டிச்செல்வி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அம்மைக்கு வியாழக்கெழம காலைல ஆபரேசன். கூட நிக்க வேற ஆளு இல்ல. மூணு நாளு லீவு வேணும்."

"எங்க?"

"தூத்துக்குடி சார்."

சிவசங்கரின் கண் மின்னியது. விரல் ஓடியது. "ஐந்நூத்தி முப்பது கிலோமீட்டர். ஒரு மணி இருபது நிமிஷம். இதுக்கு இன்னாத்துக்கும்மா மூணு நாளு?"

"அந்த பிளேனு நம்ம சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல நிக்குமா சார்?"

லைனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 'ஒரு நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடித்து ராத்திரி கிளம்பியவள், பஸ் மாறி பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது வியாழன் பகல் பதினொன்று. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்வரை தாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். மயக்கம் தெளிந்து, "வந்துட்டியாட்டி?" என்று கேட்டபோது மகள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த வாரம் சிவசங்கரே லீவு போட்டார். அரக்கோணத்தில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழா. மூன்று நாள்.

"ரெண்டு பஸ்ஸு மாறணும்ல? டிராவலே ஆள அடிச்சிப் போட்டுரும்பா."

பாண்டிச்செல்வி முடுக்கிக்கொண்டிருந்த திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அரக்கோணத்துலயும் பிளேனு எறங்குத எடம் இருக்காமே சார், நேவிக்காரவுகளுது. நாப்பது கிலோமீட்டரு. ஆறே நிமிசம்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. சிவசங்கர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு? பிறகென்ன, மூன்று நாளும் போய்விட்டு வந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. தெரியும். ஆனால் பகல் பதினொன்று என்று படித்தபோது, 'கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே இந்தப் பெண்' என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதா? ஓடியிருந்தால் சொல்லுங்கள். சிவசங்கருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.