இங்கிருந்து கடல் மிக அழகாகத் தெரியும்

“சமையலறை ஜன்னலைத் திறந்தா கடல்தாங்க.”

“நிஜமாவா? அப்ப சரி, கல்யாணத்துக்குச் சம்மதம்.”

உலகத் திருமண வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த பேச்சுவார்த்தை வேறில்லை. கடலோரத் தேசியப் பூங்காவின் கண்காணிப்பாளர் அதை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்வார். சொன்ன சொல் தவறாதவர் அவர். ஜன்னல் இருந்தது. கடலும் இருந்தது. மனைவி குடிவருவதற்குள் நடுவில் ஒரு பலகை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அதுவும் அன்பினால் வந்தது. பூங்காவிலேயே அழகான காட்சி எங்கே என்று மேலதிகாரி கேட்டபோது, அவருக்குத் தன் வீட்டு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. உடனே அதற்கு நேர் எதிரே, அகலமாக, பச்சையில் வெள்ளை எழுத்தில் ஒரு பலகையை நட்டுவிட்டார்: ‘இங்கிருந்து கடல் மிக அழகாகத் தெரியும்.’

காய் நறுக்கும்போதெல்லாம் மனைவி அதைப் படித்தாள். “என்னங்க, ஒரு விஷயம்...” என்று ஆரம்பிப்பாள். “கூட்டம் இருக்கும்மா, வந்து கேக்கறேன்” என்று கிளம்பிவிடுவார். சமையலறை அவருடைய ‘அதிகார எல்லைக்கு’ வெளியே இருந்ததால் அதற்குள் நுழைந்ததும் இல்லை.

பூங்கா வளர்ந்தது, அதாவது பலகைகள் வளர்ந்தன. ‘அலையை ரசிக்கவும்.’ ‘ரசித்தது போதும், பின்னால் வருபவருக்கு வழிவிடவும்.’

“சார், ரெண்டு நாளா கூடாரம் போட்டுத் தங்கியிருக்கோம். கடல் எங்க சார்?” என்று கேட்டார் ஒரு நடைபயணி. அவருக்காகவே புதிய பலகை எழுந்தது: ‘கடல், பலகைக்குப் பின்னால்.’

அப்படியும் புகார் ஓயவில்லை. ‘காட்சி அனுபவ மேம்பாட்டு அவசரக் கூட்டம்’ கூடியது. அலுவலகக் கூரை ஒழுகியதால் கண்காணிப்பாளரின் வீட்டுக் கூடத்தில் கூடியது.

“பழைய பலகையை எடுத்துட்டு, சுவர் மாதிரி பெருசா ஒண்ணு வச்சு, அதுல கடலையே வரைஞ்சிடலாம் சார்” என்றார் உதவியாளர். “மழை, மப்பு எதுவும் மறைக்காது.”

“அலையும் கட்டுப்பாட்டுல இருக்கும்” என்று வழிமொழிந்தார் காசாளர்.

கையோடு வரவழைக்கப்பட்டிருந்த ஓவியர் டப்பாக்களைத் திறந்தார். “கடல் என்ன கலர் சார்?”

“நீலம்தானே?”

“எந்த நீலம்?”

உதவியாளர் காசாளரைப் பார்த்தார். காசாளர் மின்விசிறியைப் பார்த்தார். கடலைக் கடைசியாகப் பார்த்தவர் யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

கண்காணிப்பாளர் கலங்கவில்லை. கடலோடு குடித்தனம் நடத்துபவள் உள்ளேயே இருக்கிறாளே! “இந்தாம்மா, ஜன்னலைத் திறந்து பாத்துச் சொல்லு. கடல் என்ன கலர்ல இருக்கு?”

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

“பச்சைங்க. நடுவுல வெள்ளை எழுத்து.”

ஓவியர் பச்சை டப்பாவை எடுத்தார்.

“என்னம்மா, எல்லார் முன்னாடியும் விளையாடறே?”

“கூட்டம் இல்லாத நாளா பாத்துக் கேக்கலாம்னுதாங்க இத்தனை வருஷமா இருந்தேன். அப்படி ஒரு நாள் வராதுன்னு இப்பதான் புரியுது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடலைச் சொன்னீங்களே... அந்தப் பலகையைப் பிடுங்கிட்டு, அதைக் காட்டுங்க.”