வாசனை ஐயாவின் ஒரே பாட்டில்

ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. எல்லாம் வாசனை ஐயாவின் மகிமை.

அச்சகத்து மாடியில் அறை எடுத்திருந்தார். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கேள்வியோடு வந்தவர்களை நெருக்கியடித்து உட்கார வைப்பார். காகிதப் பட்டையில் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. அதை எல்லார் மூக்கருகிலும் ஒரு சுற்றுக் காட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மௌனம். கடைசியில் தீர்ப்பு; பிறகு பட்டை அவர் முன்னாலிருக்கும் தட்டுக்குப் போகும். நாரத்தைப் பூ மணந்தால் "செய்". நாரத்தை இலை மணந்தால் "கூடாது". வீடு வாங்குவது, கடை திறப்பது, பல்லைப் பிடுங்குவது எல்லாம் இப்படித்தான் முடிவாயிற்று. பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீராம். மணம் மேலிருந்து இறங்குகிறதாம். மேலே ஒழுகுகிற தகரக் கூரைதான் இருந்தது. அதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தையல்காரி வந்தது தன் கல்யாணத்துக்காக. கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு இருந்து, அவன் துணிக்கடைக்கு ஓயாமல் தைத்துக் கொடுப்பவள். பூட்டு ரிப்பேர்காரர் இப்போது அவளைக் கேட்டிருக்கிறார். அவளுக்கும் பிடித்திருக்கிறது.

"ஐயா பூன்னு சொல்லட்டும், நானே முன்னால நின்னு நடத்தறேன்" என்றான் அண்ணன். சொன்னவன் முதல் நாளே தனியாகப் போய் ஐயாவைப் பார்த்துவிட்டும் வந்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? சம்பளம் கேட்காத தையல்காரி வேறு எங்கே கிடைப்பாள்?

அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு ஜலதோஷம். மூக்கு கப்பென்று அடைத்துக் கிடந்தது. பட்டை சுற்றி வந்தபோது ஒரு மண்ணும் தெரியவில்லை. வலப்பக்கம் இருந்த அண்ணியின் காதில் குனிந்தாள்.

"அண்ணி, என்ன வாசனை வருது?"

"பூடி. கும்முனு பூ. உனக்கு நல்ல காலம்தான்."

இடப்பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ஆசை யாரை விட்டது, அவரிடமும் கேட்டாள்.

"இலைம்மா. கசக்கின பச்சை இலை. பாவம் நீ."

ஐயா கண்ணைத் திறந்தார். "இலை. கூடாது."

"ஆமா, இலையேதான்" என்று உச்சுக் கொட்டினாள் அண்ணி.

"இப்பத்தானே பூன்னீங்க?"

"முதல்ல அப்படித்தான் இருந்திச்சு. ஐயா சொன்னப்புறம்தான் புரியுது."

தையல்காரி எழுந்தாள். உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அந்தத் தையல் மிஷினோடுதான் என்று தெரிந்ததால் நின்றாள்.

"ஐயா, எனக்கு மூக்கடைப்பு. மூக்கால நம்ப வழியில்ல, கண்ணாலயாவது நம்பறேன். தட்டுல நீங்க பூன்னு சொன்ன பட்டையும் கிடக்கு, இலைன்னு சொன்ன பட்டையும் கிடக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க, போதும்."

"சோதனை கூடாது தாயி. குத்தமாயிடும்."

ஆனால் கூட்டம் அற்புதத்துக்கு ஏங்கிக் கிடந்தது. "காட்டுங்க ஐயா, இவ வாயை அடைங்க" என்று வாத்தியாரே ஆரம்பித்தார். பக்தர்கள் ஐயாவின் சால்வையாலேயே அவர் கண்ணைக் கட்டினார்கள். அத்தனை நம்பிக்கை.

தையல்காரி தட்டைத் தொடவே இல்லை. இன்னும் தட்டுக்குப் போகாமல் ஐயா முன்னால் கிடந்த தன் பட்டையை மட்டும் எடுத்தாள். உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கிவிட்டு, அவர் மூக்கடியில் நீட்டினாள்.

"இலை" என்றார் ஐயா.

கையை இழுத்தாள். அதே பட்டையை மறுபடி நீட்டினாள்.

ஐயா ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது. "ஆகா, பூ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாம் முறையும் அதே பட்டை.

"இதுவும் பூ. ஆனா போன பூவை விடப் பவித்ரமானது."

அறை குலுங்கிச் சிரித்தது. சால்வையை அவிழ்த்த ஐயா, அவள் கையில் ஒற்றைப் பட்டையைப் பார்த்து, தண்ணீர் கேட்டார். பாட்டிலில் இருந்ததை நீட்டினார்கள். குடிக்கவில்லை.

அப்போதுதான் மூலையிலிருந்த சென்ட் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது தண்ணியில்லீங்க, தைலம். நாரத்தை இலையையும் குச்சியையும் வடிச்சு எடுக்கறது. நம்ம கடைச் சரக்குதான். இலைன்னு நெனச்சு மோந்தா இலை, பூன்னு நெனச்சு மோந்தா பூ. ரெண்டும் அதுல இருக்கு."

"இத்தனை நாளா ஏன்யா சொல்லல?" என்றார் வாத்தியார்.

"யாரும் கேக்கலீங்களே. நமக்கும் வியாபாரம் ஆச்சு."

ஜன்னலை யாரோ திறந்தார்கள். காற்று வந்தது. ஐயா பின் படிக்கட்டு வழியாகப் போனார்.

தெருவில் இறங்கியதும் அண்ணன் தங்கையின் பக்கத்தில் வந்தான்.

"சரி, இந்த ஆள் டுபாக்கூர். ஒத்துக்கறேன். அடுத்த தெருவுல ஒருத்தர் நிழலைப் பாத்துச் சொல்றாராம். எதுக்கும் ஒரு தடவை அவரையும் கேட்டுட்டா..."

"கட்டிக்கப் போறவ நான். என்னை ஒரு தடவை கேட்டீங்களாண்ணே?"

அண்ணன் அடுத்த தெருப் பக்கம் கையைக் காட்டினான்.

"கேக்க வேணாம், நானே சொல்லிடறேன். வர்ற வாரம் கல்யாணம். வந்து முன்னால நிக்கறதுன்னா நில்லுங்க."

அவள் நேரே பூட்டுக் கடைப் பக்கம் நடந்தாள். அண்ணியும் வாத்தியாரும் மற்றவர்களும் வாசலிலேயே நின்று, நிழல் பார்க்கிறவருக்கு எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மூக்கு சொன்னதையே நம்பாதவர்கள். சொந்த மூளை சொன்னால் மட்டும் கேட்டுவிடவா போகிறார்கள்? நீங்களாவது கேட்டுப் பாருங்கள். அது காணிக்கை வாங்குவதில்லை.