ராஜினாமா செய்துவிட்டு சர்வே எடுத்தவர்

பிஜியின் சுவா நகரத்தில் அவரைப் போன்ற பிடிவாதக்காரர் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. இதைப் படித்தால் அவர் உடனே கேட்பார்: "எண்ணுனது யாரு தம்பி?" அந்தக் கேள்வியே அவருக்குப் பட்டப்பெயர். சபேட்டோ என்ற ஊரில் கரும்புக்காட்டுக் குடும்பம். எங்கள் ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால், என்னைத் தமிழிலேயே திட்டுவார்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு விற்பது எங்கள் தொழில். விளம்பரம் எழுதுவது நான். 'பிஜியில் ஓர் ஆபீஸும் பத்திரமாக இல்லை' என்று எழுதினேன். வழக்கமான கேள்வி வந்தது.

"சும்மா அடிச்சு விட்டேண்ணே."

"பூட்டு விக்கிறவனே திருடன் வர்றான்னு கத்துனா எவன் நம்புவான்? வெளியாளு போய்க் கேட்டு எழுதணும்."

வெளியாளுக்கு எங்கே போவது? மறுநாள் அவரே ராஜினாமா கடிதத்தை நீட்டினார். சர்வே முடிந்ததும் மறுபடி வேலைக்கு மனுப் போடுவாராம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

அட்டையும் பென்சிலுமாக, தவுவா ஊர் வரைக்கும் பஸ்ஸில் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "உங்க பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?" நம் ஜனங்களின் உபசாரம் தெரியுமே. டீயும் பிஸ்கட்டும் வைத்து, பாஸ்வேர்டையே சொல்லிவிடுவார்கள். இவர் பதறிக் காதைப் பொத்திக்கொள்வார். பாவம், காது கேட்காது போல என்று பெரிதாக எழுதியும் காட்டுவார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சர்வேயில் அரசாங்க குமாஸ்தாக்கள் சிலர் மேலதிகாரிகளை வெளுத்து வாங்கியிருந்தார்கள். பெயர் இல்லாவிட்டாலும் எந்த ஆபீஸ் என்பது தாளில் இருந்தது. சேதி எப்படியோ கசிந்து, ஒரு ராணுவ அதிகாரி எங்கள் கடைக்கே வந்து, அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அவரிடம் தாள்களைக் கேட்டார். கிடைத்தால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். தாள்கள் என் மேஜை டிராயரில் இருந்தன. 

"கொடுத்துடுப்பா, முதலாளி சொல்றேன்" என்று இந்தியில் கெஞ்சினார் முதலாளி.

"நீங்க என் முதலாளி இல்லை. நான் ராஜினாமா பண்ணியாச்சு" என்று அவரும் இந்தியிலேயே சொன்னார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்து, "எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார் இங்கிலீஷில்.

எண்ணாமல் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், முகம் சுளிக்காமல் பொய் சொன்னார். அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் தாள்களைக் கொல்லையில் கொளுத்திவிட்டு வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார்.

"என்னண்ணே கேட்டாங்க?"

"அவங்க கேட்டது கிடக்கட்டும். அங்க ரிக்கார்டு ரூம் சாவி வெளியில ஆணியில தொங்குது தம்பி. எழுதிக்க."

விளம்பரம் வரவே இல்லை. முதலாளி கடையை மூடிவிட்டு சிட்னிக்குப் போனார். நான் ஆக்லாந்துக்கு வந்தேன். "நீயும் வாண்ணே, எல்லாரும் போறாங்க" என்றேன். எண்ணியது யார் என்று கேட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்.

இங்கே கல்யாண வீடுகளில் யாராவது, "பிஜியில இப்ப நம்மாளு யாரு இருக்கா?" என்று அலுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எண்ணுனது யாரு?" என்பேன். "ஒருத்தர் இருக்கார். வாரா வாரம் போன் பண்ணி எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."