ரிஷி முதலாவதா, நாலாவதா?

துபாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வைரவன் அண்ணனுக்கு, தங்கை வசந்தகுமாரி வணங்கி எழுதுவது. குன்றக்குடி முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது: நான், இவர், எதிர் பிளாட் அருள்முருகன், அவர் சம்சாரம் கனகா, பூஜை அலமாரியில் முருகன். டிவியில் நம் ரிஷி. அமெரிக்காவில் அவனுக்கு அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலேஜ் பேஸ்பால் மேட்ச்.

போன மாதம் வரை ரிஷி அவன் டீமில் முதலாவதாக பேட் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள், "நாலாவதா மாத்திட்டாங்கம்மா" என்று சிரிக்கிற பொம்மை போட்டு மெசேஜ் அனுப்பினான். அழுகையை மறைக்கத்தான் பிள்ளை சிரிக்கிறான் என்று எனக்குப் பட்டது. இவரும், "ஓப்பனரை மூணு படி இறக்கிட்டான் பாரு" என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கிரிக்கெட் பார்த்தே பழகிய வீடு, எங்களுக்கு வேறென்ன தோன்றும்? அன்றைக்கே விளக்கு முன்னால் உட்கார்ந்து அழுது, 'முருகா, அவனை மறுபடி முதலாவதாக ஆக்கு, ஆக்கினால் அவன் தாய்மாமன் உனக்கு மொட்டை போடுவார்' என்று வேண்டிக்கொண்டேன். உங்களைக் கேட்காதது தப்புதான். கேட்டால் யோசிப்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை.

நேற்று டிவியில் முதல் ஆளாக ரிஷி வந்து நின்றான்! மணி அடித்தேன், சூடம் காட்டினேன், ஓடிப்போய்க் கேசரி கிளறிக்கொண்டு வந்தேன். அருள்முருகன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்குக்கா கேசரி? தம்பியைக் கீழ இறக்கியிருக்காங்க. முதல் மூணு பேரு ஆளுக்கொரு மூலையில நிப்பாங்க, நாலாவது ஆளு ஓங்கி ஒண்ணு வச்சா நாலு பேருக்கும் ரன். அதுதான் ராஜா இடம், டீம்லயே பெரிய அடிகாரனுக்குத்தான் குடுப்பாங்க." கனகா சும்மா இருப்பாளா? "அப்ப பிள்ளையை இறக்கச் சொல்லியா அக்கா மொட்டை நேர்ந்தீங்க?" என்றாள். அதற்குள் மறுபடி பேட் பிடிக்க வந்த ரிஷி நாலு மோசமான பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு முதல் மூலைக்கு நடந்தே போனான், அப்படிப் போகலாமாம். இவருக்குக் கோபம். "அடிக்காம நிக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போனான்?" "வாசு அண்ணே, விடுறதும் ஆட்டம்தான்" என்றார் அருள்முருகன். "விடுறதுதான் ஆட்டம்னா நானும் ஆடுவேன்யா, பேட்டே வேணாம்!" "கலாஸ், முடிஞ்சுபோச்சு, உங்ககிட்ட பேச முடியாது." எழுந்து போனவர்கள்தான். தினமும் அருள்முருகன் காரில்தான் இவர் போவது, நாளைக்கு ஜெபல் அலி டியூட்டிக்கு இவரை யார் காரில் ஏற்றிக்கொண்டு போவார்களோ.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேட்சும் எழுதியிருக்கிறேன். நாலாவதாக இருபத்தாறு தடவை நின்று ஏழு அடி, எட்டு நடை. முதலாவதாக முப்பது தடவை நின்று எட்டு அடி, ஒன்பது நடை. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் வருகிறது. முருகன் கொடுத்தாரா, எடுத்துக்கொண்டாரா? மொட்டை போட்டால் பிள்ளை இறங்கியதற்கு நன்றி சொன்னதாகிவிடும், போடாவிட்டால் தெய்வக் குற்றம். இருபதாம் தேதி இளவேனிலுக்கு நிச்சயதார்த்தம் வேறு இருக்கிறது, பெண்ணின் அப்பா மொட்டைத் தலையோடு போட்டோவில் நிற்பதா? அதனால் நான் சொல்லும் வரை முடியில் கை வைக்க வேண்டாம்.

மதனிக்கு என் நமஸ்காரம். இளவேனிலுக்கு அத்தையின் ஆசி, முருகன் எப்போதும் துணை இருப்பார்.

இப்படிக்கு,
வசந்தகுமாரி

பின்குறிப்பு: இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பப் போகும்போது ரிஷி கூப்பிட்டான். கோச் தானாக மாற்றவில்லையாம், இவனே போய்க் கேட்டு முதல் இடத்துக்கு வந்தானாம். "நாலாவதுன்னதும் நீங்க அழுதீங்கன்னு அப்பா சொன்னாரும்மா." உனக்கு எதுடா பிடிக்கும் என்றேன். "எதுன்னாலும் சரிம்மா" என்று மழுப்பினான். அப்புறம், "நாலு" என்றான். உடனே போய்க் கேளுடா என்றால், "அம்மாவுக்காகன்னு ஒரு தடவை கேட்டாச்சு, ரெண்டாவது தடவை எப்படிம்மா போறது?" என்கிறான். அதனால் அண்ணா, முருகனிடம் மன்னிப்புக் கேட்டு, ஒன்று என்று சொன்னதை மட்டும் நாலு என்று மாற்றி வேண்டிக்கொண்டேன். மொட்டையை மாற்றவில்லை. அடுத்த மேட்ச் பதினெட்டாம் தேதி. உங்களுக்குச் சம்மதமா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.