யார் வீட்டுப் பாத்திரம்?

ஒன்பது பாத்திரங்களையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள் சோல்வெய்க். ஒன்றின் அடியிலும் பெயரில்லை.

கணவர் ஆர்விட் இறந்த வாரம் தேவாலயத்துப் பெண்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சுட்டுக் கொண்டுவந்தார்கள். பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய டேப் இருக்கும். கழுவித் திருப்பித் தரவேண்டியது துக்க வீட்டின் வேலை. சோல்வெய்க் எல்லாவற்றையும் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்திருந்தாள். டேப்பெல்லாம் அதோடு போயிருக்க வேண்டும்.

யார் எதைக் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. அந்த வாரமே அவளுக்கு நினைவில்லை.

உத்தேசமாக ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு லவோனிடம் போனாள்.

"என்னோடது இல்லடி. வந்ததுதான் வந்த, இந்தக் கேக்கைப் பாத்திரத்தோட எடுத்துட்டுப் போ."

ஒன்றோடு போனவள் இரண்டோடு திரும்பினாள்.

அவள் ஓவியக்காரி; கடைப்பட்டியல்கூட எழுத வராது. முட்டை வேண்டுமென்றால் முட்டையை வரைவாள். ஆர்விட் அதைப் பார்த்து வாங்கிவருவார். அவர் நோயில் படுத்த நாளிலிருந்து, பதினாறு மாதமாக, அவள் பென்சிலைத் தொடவில்லை. மினியாபொலிஸ் காட்சிக்கூடத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய சுவர் காலியாகக் கிடந்தது. மாதக் கடைசிக்குள் படம் போகாவிட்டால் அது வேறொருவருக்கு.

வேறு வழி தெரியவில்லை. ஒன்பதையும் வரைந்து தேவாலயப் பலகையில் குத்திவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படங்களைக் காணோம். பாத்திரம் கேட்டு ஒருத்தியும் வரவில்லை.

"பாத்திரம் என்னோடது இல்லம்மா," என்றாள் தேவாலயத்துப் பெண்களில் ஒருத்தியான டெலோரஸ், காப்பியை ஆற்றியபடி. "படம் நல்லா இருந்துச்சு, சமையலறையில மாட்டிட்டேன்."

"மாட்டறதுக்கா வெச்சேன்?"

"அப்புறம் எதுக்கு அவ்வளவு அழகா வரைஞ்ச?"

மறுபடி வரைந்தாள். இம்முறை வண்ணத்தில், விளிம்பு உடைசல், தீய்ந்த கறை, கீறல் ஒன்று விடாமல். சொந்தக்காரிக்குத் தெரியாமலா போகும்? அதைப் பார்த்த நான்கு பெண்கள், தங்கள் பாத்திரத்தையும் வரையச் சொல்லி, சும்மா கொடுக்க மனமில்லாமல் அதில் சமைத்தும் கொண்டுவந்தார்கள்.

பதினான்கு ஆயிற்று. வைக்க இடமில்லாமல் ஆர்விட்டின் நாற்காலியிலும் இரண்டு உட்கார்ந்தன. அவற்றை எடுத்துவைக்கப் போனவள், வெளிச்சம் சாய்ந்து விழுவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்து வரைந்தாள்.

காட்சிக்கூடத்துக்காரி தொலைபேசினாள். "ஏதாவது இருக்கா?"

"பாத்திரம்தான் இருக்கு. பதினாலு."

"வரைஞ்சதா?"

"ஆமா."

"அனுப்புங்க," என்றாள் அவள்.

படங்களை வண்டியில் ஏற்ற லவோன்தான் கைகொடுத்தாள். கடைசிப் படத்தில், நாற்காலியில் இரண்டு பாத்திரங்கள். சோல்வெய்க் அதைத் தூக்கிக் கொடுத்தாள்.

"எல்லாம் என் தப்புதான் லவோன். வெந்நீர்ல போட்டு டேப்பையெல்லாம் போக்கடிச்சிட்டேன்."

லவோன் வண்டிக் கதவைச் சாத்தினாள்.

"ஒட்டியிருந்தாத்தானேடி போறதுக்கு? ஆஸ்பத்திரியில ஆர்விட்தான் எங்க எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டார், 'நான் போனப்புறம் பாத்திரத்துல பேர் ஒட்டாம கொண்டுபோங்க, யாரோடதுன்னு கேக்கறதுக்காவது அவ பென்சிலை எடுப்பா'ன்னு."