விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பின வண்டி

சாவறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பொண்டாட்டியோட நான் மட்டும் தனியா ஒரு ஊருக்குப் போயே தீரணும். போன ஜூன் மாசம் ரிட்டையர் ஆன அன்னிக்கு நான் எடுத்த தீர்மானம் இது. பெரிய ஆசையான்னு நீங்களே சொல்லுங்க. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமா இது எனக்குக் கிடைக்கல.

கல்யாணமான மூணாம் நாள் ஏலகிரி போனோம். நான், ஜெயகுமாரி, மாமியார், மாமியாரோட முட்டி வலி, ரெண்டு மச்சினிச்சிங்க. போட்ல நாலு பேருதான் ஏறலாம்னான் போட்காரன். நான் கரையில குந்திக்கினு செருப்புக்குக் காவல் காத்தேன். அதுக்கப்புறம் போனதெல்லாம் கல்யாணம், அடக்க ஆராதனை, கன்வென்ஷன். எங்க போனாலும் அவ ஆளுங்க ஒரு வேன் நிறைய வருவாங்க. நான் பின் சீட்ல, கூஜாவுக்குப் பக்கத்துல.

அதான் ரேணிகுண்டாவுல இஸ்மாயில் பாய் பட்டறையில ஒரு கேம்பர் வண்டி கட்டச் சொன்னேன். பொலேரோ பின்னாடி கொக்கி போட்டு இழுத்துக்கினு போற சின்ன வீடு. ரெண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணி டேங்க்.

"சார், மூணாவது படுக்கைக்கு இடம் இருக்குது. போட்டுர்றேன்"னாரு பாய்.

"போட்டா காலை ஒடைப்பேன்"னேன்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? மூணாவது படுக்கை இருந்தா அதுல படுக்க ஜெயகுமாரி வீட்ல ஆள் ரெடியா இருப்பாங்க.

வண்டி எடுக்கப் போன அன்னிக்கு அவளும் கூட வந்தா. பாய் எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்தாரு.

"முன்னாடி போறது ஈஸி சார். பின்னாடி போறதுதான் தகராறு. இந்த வண்டி இடது பக்கம் போவணும்னா நீங்க ஸ்டியரிங்க வலது பக்கம் திருப்பணும். எங்க போவணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம். அப்பதான் கேக்கும்."

நான் ஒரு மணி நேரம் திருப்பினேன். வண்டி நேரா பாயோட கோழிக்கூண்டுல போய்க் குந்திச்சு. ஜெயகுமாரி மட்டும், "எதிர்ப்பக்கம் திருப்பினா கேக்கும். அப்படித்தானே பாய்?"ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கினா. இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சர். ஒரு விஷயம் புரியாம விடமாட்டா.

இடம் விசாகப்பட்டினம்னு முடிவு பண்ணேன். திருப்பதி, ரேணிகுண்டா, நாயுடுபேட்டை, நெல்லூர், அப்படியே கடலை ஒட்டினாப்பல மேல போயிடலாம். கடற்கரையில வண்டியை நிறுத்தி, ரெண்டு நாற்காலி போட்டு, அவளும் நானும் டீ குடிக்கணும். குறுக்க ஒருத்தன் வரக்கூடாது. கிளம்பறதுக்கு மொத நாள் அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சேன்.

"இந்தா ஜெயா, ஒரு கண்டிஷன். நாம போறது உங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. எந்த வழி, எத்தனை மணிக்கு, எங்க நிக்கிறோம், ஒண்ணும் சொல்லக்கூடாது."

"நான் எதுக்குங்க சொல்றேன்?"

"சத்தியம் பண்ணு."

"சத்தியமே பண்ணாதேன்னு வேதத்துல இருக்குது. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

"உங்க பிலிப்பு அண்ணனுக்கும்?"

அவ மூஞ்சி சிவந்துபோச்சு. "அந்த ஆளு பேச்சை எதுக்கு எடுக்கறீங்க? உலகத்துல எங்க வேணா கூட்டிக்கினு போங்க, ராமகுப்பம் மட்டும் வேணாம். அங்க போனா நம்ம ஜனம் ஒரு காக்கா குருவி கூடத் தேடி வராது. அவ்ளோ மரியாதை சம்பாரிச்சு வச்சிருக்காரு எங்க அண்ணன்!"

கேக்கக் கேக்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிலிப்பு அவளோட மூத்த அண்ணன். ராமகுப்பத்துல பட்டுப்புழு வளக்கறாரு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவரு பையன் கல்யாணப் பத்திரிகையில என் பேரை மூணாவதா போட்டாரு. மூணாவதா! எனக்கு அப்புறம் அந்த வீட்ல பொண்ணெடுத்த சகலைங்க ரெண்டு பேரும் எனக்கு மேல. நான் என்ன பந்தல்காரனா? அன்னியோட பேச்சை நிறுத்தினேன். எனக்காக ஜெயகுமாரியும் நிறுத்திட்டா. கூடப் பொறந்த அண்ணனையே எனக்காக விட்டவ. அந்த ஒரு விஷயத்துல எனக்குப் பெருமை உண்டு. உண்டுன்னா, அன்னிக்கு இருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலை அஞ்சரைக்கு சித்தூர்ல இருந்து கிளம்பினோம். வழியில சந்திரகிரி தாண்டி டயர் பாக்க நிறுத்தினேன். ஒரு ஆள் வண்டி ஜன்னலைத் தட்டி, "ரெண்டு ப்ளேட் இட்லி இவ்வண்டி சார்"னு தெலுங்குல இட்லி கேட்டான். லேது, இட்லி இல்லைன்னேன். "மரி தோசை?"ன்னான், அப்ப தோசையாவது குடுன்னு. வண்டியைப் பாத்தா டிபன் கடையா தெரியுதாம். ஜெயகுமாரி சிரிச்சா. நானும் சிரிச்சேன். முப்பத்தோரு வருஷத்துல ரெண்டு பேரும் தனியா சிரிச்சது அந்த ஒரு தடவைதான். அதை நல்லா ஞாபகம் வச்சிருக்கேன்.

ஏழேகால் மணிக்குத் திருப்பதி பைபாஸ். பெட்ரோல் பங்க் பக்கத்துல டீ குடிக்கலாம்னு ஓரங்கட்டினேன். டீக்கடை வாசல்ல லீனா நிக்கறா. ஜெயகுமாரியோட சித்தி பொண்ணு. கால்கிட்ட பெட்ஷீட் சுத்தி, கயிறு கட்டி, ஒரு பெரிய மூட்டை.

"வாங்க மாமா! மூணு நிமிஷம் லேட்டு."

"நீ எங்கம்மா இங்க?"

"அக்கா ஜெபத்துல சொன்னாங்களே மாமா."

நான் ஜெயகுமாரியைப் பாத்தேன். அவ ஆகாசத்தைப் பாத்தா.

எங்க சபையில வழி ஜெபம் பண்ணாம ஒரு வண்டியும் சக்கரம் உருளாது. முன்னயெல்லாம் வாசல்ல நின்னு பண்ணுவாங்க. இப்ப போன்ல பேசி வாட்ஸ்அப் ஜெபக் குழுவுல போட்டுடறாங்க. குழுவுல நாப்பது பேரு. அதுல முப்பது பேரு ஜெயகுமாரிக்குச் சொந்தம். லீனா போனைத் தட்டினா. என் பொண்டாட்டி குரல் உருக்கமா வருது: "ஆண்டவரே, நாளைக்கு அஞ்சரைக்கு சித்தூர் விடறோம் சுவாமி. ஏழேகாலுக்குத் திருப்பதி பைபாஸ்ல, பெட்ரோல் பங்க் பக்கத்துல டீ குடிக்கும்போது கூட இரும் சுவாமி. எட்டு மணிக்கு ரேணிகுண்டா ஸ்டேஷன் ரோட்டைக் கடக்கும்போது..."

"ஜெயா! யாருக்கும் சொல்ல மாட்டேன்னியே!"

"நான் எந்த மனுஷனுக்குங்க சொன்னேன்? ஆண்டவருக்குத்தான் சொன்னேன்."

"ஆண்டவருக்கு டைம்டேபிள் போட்டுக் குடுக்கணுமா? அவருக்குத் தெரியாதா?"

"எதைக் கேட்டாலும் குறிப்பா கேளுங்கன்னு போதகரே சொல்லியிருக்காரு."

அதுக்குள்ள லீனா மூட்டையை வண்டிக்குள்ள ஏத்திட்டா. கிரைண்டராம். "விஜயவாடாவுல தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு மாமா. வழிதானே?" அது என் படுக்கை மேல குந்திக்கிச்சு. கல்லோட.

லீனாவை அங்கயே விட்டுட்டு வண்டியில ஏறினோம். ஜெயகுமாரி போனைப் பாத்துக்கினே பேசறா. "ஏங்க, பெரியம்மா வீட்டு ஆளுங்க ரேணிகுண்டாவுல நிக்கறாங்களாம். ஏழு பேரு. ஊறுகா ஜாடி வேற இருக்குதாம். நாயுடுபேட்டையில ஒருத்தர் ஏறணுமாம், நெல்லூர் வரைக்கும். முட்டி வலியாம், பாவம், ஓரமா படுத்துக்கினு வருவாராம்."

முட்டி வலி! ஏலகிரியில விட்டேன்னு நெனச்சேன், முப்பத்தோரு வருஷம் கழிச்சு நாயுடுபேட்டையில வந்து நிக்குது. என் வயிறு எரிஞ்ச எரிச்சல்ல காஸ் இல்லாமலே டீ போடலாம். அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. வராமலே இருந்திருக்கலாம்.

"போனை இங்க குடு"ன்னேன். "இன்னிக்கு வழி ஜெபம் நான் பண்றேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

காக்கா குருவி கூட வராத இடம் எதுன்னு அவளேதான சொல்லியிருக்கா? கண்ணை மூடினேன். குரலை நடுங்க வச்சேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே. நாங்க கடல் பாக்கப் போனோம். நீரோ எங்களைத் தடுத்தீர். பிரிஞ்சு கெடக்கற உறவை நெனச்சுப் பாருன்னு என்னோட பேசினீர். அதனால ஆண்டவரே, விசாகப்பட்டினம் போகல. ரேணிகுண்டா போகல. இதோ, இந்த நிமிஷமே வண்டியைத் திருப்பி, ராமகுப்பத்துக்கு, என் மச்சான் பிலிப்பு வீட்டுக்கே போறோம். ஆமென்." நடுவுல ஒரு விம்மலும் போட்டேன். நல்லாவே வந்துச்சு. அனுப்பிட்டேன்.

ஒரு நிமிஷம் கூட ஆவல, ஆமென் மழையா கொட்டுது. கும்பிடற கை, அழுவற மூஞ்சி, புறான்னு பொம்மைங்க வேற. போதகர் தனியா, "சகோதரர் தியோடர், ஞாயித்துக்கிழமை இதை சபையில சாட்சியா சொல்லணும்"னு போட்டிருக்காரு. பெரியம்மா கூட்டம், "நாங்க வீட்டுக்குப் போறோம், கர்த்தர் நடத்தட்டும்"னு போட்டுட்டாங்க.

ஜெயிச்சுட்டேன்! விசில் அடிச்சுக்கினே ரேணிகுண்டா பக்கம் வண்டியை எடுத்தேன்.

"எங்கங்க போறீங்க? ராமகுப்பம் அந்தப் பக்கம்."

"அட, அது சும்மாடி. உங்க ஆளுங்களைக் கெளப்பறதுக்கு."

"சும்மாவா?" அவ கண்ணைத் தொடைச்சுக்கினா. நெசமாவே அழுதிருக்கா. "ஆண்டவர்கிட்ட சும்மா சொன்னீங்களா? வேதத்துல அவருகிட்ட பொய் சொன்ன புருஷனும் பொண்டாட்டியும் நின்ன எடத்துலயே விழுந்து செத்தாங்க. புருஷன்தான் மொதல்ல."

"சரி, அழிச்சுடு. டிலீட் பண்ணு."

"ஜெபத்தையா?"

"நீதான ராமகுப்பம் பக்கமே போக மாட்டேன்ன?"

"நான் சொன்னேன். ஆனா உங்களோட ஆண்டவர் பேசிட்டாரே. நான் குறுக்க நிக்க முடியுமா? நாப்பது பேரு ஆமென் சொல்லிட்டாங்க. கடல் எங்க ஓடிப்போவுது? ஞாயித்துக்கிழமை சபையில என்னான்னு சாட்சி சொல்லுவீங்க?"

சரின்னு வண்டியைத் திருப்பப் பாத்தேன். திருப்பத் தெரியல. ரெண்டு லாரி டிரைவருங்க எறங்கி, தெலுங்குல என் வம்சத்தையே விசாரிச்சுட்டு, கொக்கியைக் கழட்டித் தள்ளித் திருப்பி விட்டாங்க.

வந்த வழியே போனோம். சித்தூர்ல எங்க வீட்டையே தாண்டிப் போனோம். பலமநேர் ஏறினோம். வி.கோட்டா தாண்டினோம். போற வழி பூரா அவ ஞானப்பாட்டு பாடிக்கினு வந்தா.

ஒரு மணிக்கு ராமகுப்பம். பிலிப்பு வீட்டு வாசல்ல பந்தல். சீரியல் லைட்டு. பத்து நாற்காலியில பத்து சொந்தம். பிலிப்பு சால்வையோட நிக்கறாரு.

"மாப்ள! வந்துட்டீங்களா? நாளைக்கு நம்ம பொண்ணு ஹர்ஷினிக்கு நிச்சயதார்த்தம். நீங்க இல்லாம எப்படி?" சால்வையைப் போர்த்தி, கையில பத்திரிகையைக் குடுத்தாரு. கொட்டை எழுத்துல மொத பேரு: தியோடர் – ஜெயகுமாரி. ஆறு வருஷமா நான் கேட்டது. விரலால ஒரு தடவை தடவிப் பாத்தேன். அப்புறம் கீழ பாத்தேன். அச்சடிச்ச தேதி போட்டிருக்குது. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி.

அதுக்குள்ள கல்யாணப் பொண்ணு வண்டிக்குள்ள ஏறி, என் படுக்கையில இருந்த மூட்டையைப் பிரிச்சுட்டா. "ஐ, கிரைண்டர்! அத்தை, லீனா அத்தை என் பேரே எழுதியிருக்காங்க!" படுக்கைக்குக் கீழ இருந்து ஜெயகுமாரியோட பட்டுப்பொடவை வந்துச்சு. வெள்ளித் தட்டு வந்துச்சு. என் கோட்டு வந்துச்சு. அயர்ன் பண்ணி, மடிப்புக் கலையாம.

"மாப்ள, வண்டியைக் கொட்டகை பக்கம் ரிவர்ஸ்ல விடுங்க. சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. இதுலயே படுத்துக்கட்டும்"னாரு பிலிப்பு. "இன்னொரு படுக்கை போட்டிருக்கலாமே?"

நான் ஸ்டியரிங்க இந்தப் பக்கம் திருப்பறேன், வண்டி அந்தப் பக்கம் போவுது. ஜெயகுமாரி பின்னாடி நின்னு கையைக் காட்டினா.

"எதிர்ப்பக்கம் திருப்புங்க! எங்க போவணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம்! அப்பதான் கேக்கும்!"

அப்படியே பிரேக்கை மிதிச்சேன். ராமகுப்பம் மட்டும் வேணாம்னு சொன்னாளே, அந்த சிவந்த மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. எறங்கி நேரா அவகிட்ட போனேன்.

"ஜெயா, எனக்காக நீ உங்க அண்ணனோட பேசாம இருந்த ஆறு வருஷம்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுவேன். நீங்க வெளிய போனப்புறம்."

"நாம ரெண்டு பேரும் தனியா கடல் பாக்கணும்னு நெனச்சனே?"

அவ என் சால்வையை இழுத்து நேராக்கினா. "நல்ல ஆசைதாங்க. ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் தனியா பேசறதுக்கு என்னாங்க இருக்குது?" திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். அவ சண்டைக்குச் சொல்லல. நெசமாவே யோசிச்சுப் பாத்துச் சொன்னா.

பக்கத்துக் கொட்டகையில ஆயிரக்கணக்குல புழுங்க மல்பெரி இலை துன்னுக்கினு இருந்துச்சுங்க. சளசளன்னு சத்தம். கடல் சத்தத்துக்குப் பதிலா எனக்குக் கெடைச்சது அதான்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உக்காந்தோம். மொத பந்தி, மொத எலை எனக்கு. பிலிப்பு எழுந்து நின்னு கண்ணை மூடினாரு.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. 'என் வீட்டுக்காரர் அவரு வாயாலயே ராமகுப்பம் போலாம்னு சொல்லணும் சுவாமி'ன்னு மூணு மாசமா என் தங்கச்சி தினமும் உம்மைக் கேட்டாளே, அந்த ஜெபத்தைக் கேட்டீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்."

நான் ஒரு கண்ணைத் தொறந்து பாத்தேன். எதிர் பந்தியில ஜெயகுமாரியும் ஒரு கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்துக்கினு இருந்தா.

எல்லாரும் ஆமென் சொன்னாங்க. முப்பத்தோரு வருஷப் பழக்கம், நானும் சொல்லிட்டேன்.